கச்சான் காற்றும் காலைத் தேநீரும்

பாம்பனுக்குக் குடிவந்த முதல் ஆண்டில், இந்தக் கரையின் காற்றுப் பெயர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து சோழகம், மேற்கிலிருந்து கச்சான் என்று நான்கு பெயர்களையும் திசைகளோடு எழுதி முடித்ததும் கட்டுரை அப்படியே நின்றுவிட்டது. தேநீர் குடித்தால் எழுத்து ஓடும் என்று நம்பி மாலை 6 மணிக்கு மேல் மூன்று தம்ளர் வரை குடித்துப் பார்த்தேன். பத்தி நகரவில்லை, உறக்கம்தான் போயிற்று. உடலில் சேர்ந்த காஃபீன் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும் என்பதை அப்போது நான் எண்ணிப் பார்க்கவில்லை.

வீட்டுத் தேநீர் வாய்க்கும் பிடிக்கவில்லை. எங்கள் ஆழ்குழாய்க் கிணற்றின் நீர் உவர்ப்பானது. பால் சேர்க்காமல் வைத்தால் சிறிது நேரத்தில் மேலே பழுப்பு நிற ஆடை படர்ந்து, தம்ளரைச் சாய்க்கும்போது துண்டுதுண்டாக உடைந்து விளிம்பில் ஒட்டிக்கொள்ளும். நீரிலுள்ள கால்சியம் தேயிலைச் சத்தோடு சேர்ந்து காற்றுப்படுவதால் வருவது அது. காவிரிக் குடிநீர் வரும் நாளில் ஒரு குடத்தைத் தேநீருக்கென்றே தனியாக எடுத்து வைக்கத் தொடங்கிய பிறகுதான் இலையின் மணம் தெரிந்தது.

ஆனால் கட்டுரைக்கு வழி திறந்தது வீட்டில் அல்ல. விடிவதற்கு முன்பே பாய்லர் கொதிக்கும் ஒரு கடையில், மாஸ்டர் துணிப்பையிலிருந்து சாயத்தை இறக்கி ஆற்றிக்கொண்டிருக்க, பெஞ்சில் அமர்ந்திருந்த முதிய மீனவர் ஒருவரிடம் நான்கு காற்றுகளின் திசைகளையும் ஒப்பித்து, சரிதானா என்று கேட்டேன். அவர் தேநீரை ஒரு மிடறு குடித்துவிட்டுச் சொன்னார்: "திசைய எழுதி என்ன பண்ணப் போறீங்க தம்பி? கச்சான் அடிச்சா வல்லத்தத் தென்கடல்லேருந்து வடகடலுக்குக் கொண்டு போயிருவோம். வாடை வந்தா திரும்பத் தெக்க வந்துருவோம்." தெற்கே மன்னார் வளைகுடாவும் வடக்கே பாக் விரிகுடாவும் கிடக்கும் இந்த ஒடுங்கிய தீவில், காற்று என்பது எந்தக் கடல் இன்று மூடியிருக்கிறது என்பதற்கான பெயர் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. கட்டுரையைத் திசைப்படி அன்றி, படகு இடம் மாறும் பருவப்படி அடுக்க வேண்டும் என்பதும் அந்தப் பெஞ்சிலேயே முடிவாயிற்று.

அந்த யோசனையைத் தேநீர் தந்தது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் நடந்து 2020இல் வெளியான ஓர் ஆய்வில், 200 மில்லிகிராம் காஃபீன் எடுத்துக்கொண்டவர்களுக்கு ஒரே சரியான விடையைத் தேடும் திறன் கூடியது. புதிய எண்ணங்களை உருவாக்கும் திறன் கூடவில்லை. ஒரு கோப்பைத் தேநீரில் இருப்பது பெரும்பாலும் 30 முதல் 50 மில்லிகிராம்தான் என்றாலும், என் அனுபவம் அதே பக்கமே சாய்கிறது. யோசனை பெஞ்சில் வந்தது. அதை அடுக்கிச் செப்பனிட்ட வேலைக்குத்தான் தேநீர் உதவியது. மூளையில் சோர்வை உணர்த்தும் அடினோசின் அமரும் இடங்களைக் காஃபீன் பிடித்துக்கொள்வதால் அயர்வு தள்ளிப்போகிறது. தேயிலையிலுள்ள ‘தியானின்’ என்ற பொருள் மனத்தைப் படபடக்க விடாது என்பார்கள். ஆய்வுகளில் கொடுக்கப்படும் அளவு ஒரு தம்ளரில் கிடைப்பதைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

இப்போது காலை ஏழு மணிக்குக் கருப்பட்டி போட்ட தேநீர் ஒன்று, பிற்பகல் மூன்று மணிக்கு இன்னொன்று, அவ்வளவுதான். குடித்தவுடன் பேனாவை எடுப்பதில்லை. காஃபீன் இரத்தத்தில் முழுமையாக ஏற அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும் என்பதால், அந்த இடைவெளியில் முந்தைய நாள் எழுதியதை வாசிக்கிறேன். கட்டுரையின் முதல் பத்தியை அந்தப் பெரியவருக்குப் படித்துக் காட்டியபோது, கொண்டலைப் பற்றி எழுதியது போதாது என்றார். அதைத் திருத்தி எழுத மேலும் இரண்டு காலைகள் பிடித்தன.