பள்ளியில் மகனுக்கு டிசி வாங்கச் சொல்கிறார்கள், என்ன செய்ய?

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, ஒரு உதவி. அம்பாசமுத்திரம் பக்கம் இருக்கிறோம். மகன் எட்டாம் வகுப்பு. போன வாரம் வகுப்பில் பக்கத்துப் பையன் கையில் காம்பஸால் குத்திவிட்டான். இந்த வருஷம் இது மூன்றாவது சண்டை. வீட்டிலோ வாயே திறக்க மாட்டான். கேட்டால் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே நிற்பான்.

கூடப் படித்த பையனை மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய 2023 நாங்குநேரிச் சம்பவத்துக்கு அப்புறம் எல்லாருக்கும் பயம், அது புரிகிறது. அடித்துத் திருத்து என்கிறார் மாமனார். அடித்தும் பார்த்தாச்சு, அதுதான் தப்போ என்னவோ. 14416 மனநல உதவி எண்ணில் பேசினேன், பொறுமையாகக் கேட்டு, நேரில் மனநல டாக்டரிடம் காட்டச் சொன்னார்கள்.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் பிள்ளைகளை எந்தக் கிழமை பார்ப்பார்கள்? கூட்டிப்போனவர்கள் சொல்லுங்கள். அப்புறம், எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையை வெளியேற்றக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. அதைச் சொல்லிப் பள்ளியில் பேசினவர்கள் யாராவது உண்டா?