ஆட்டோமேட்டிக் லைசென்ஸ் இருக்கிறது, மேனுவல் எம்3 வாங்க ஆசை. வழி இருக்கிறதா?

லண்டன் கோவைக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். ஊரில் பத்து வருடம் மேனுவல்தான் ஓட்டினேன், மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாவது கியரை விட்டு இறங்காமல் ஏற்றிப் பழகிய கை. இங்கே வந்து ஒரு வருடம் ஆனதும் இந்திய லைசென்ஸை வைத்து ஓட்ட முடியாது என்பதால் டெஸ்ட் எடுத்தேன். கற்றுக்கொடுத்தவர் ஆட்டோமேட்டிக் என்றால் சுலபம் என்றார், நானும் சரி என்று அதிலேயே பாஸ் செய்துவிட்டேன். இப்போது நாலு வருடச் சேமிப்பில் பிஎம்டபிள்யூ எம்3 மேனுவல் வாங்கலாம் என்று போனால், இங்கிலாந்தில் அதை மேனுவலில் விற்பதே இல்லை என்கிறார்கள். நியூ ஜெர்சியில் இருக்கும் மச்சான் அதே காரை மேனுவலில் வாங்கி வைத்திருக்கிறான். தெருவில் பாதிப் பேர் மேனுவல் ஓட்டும் நாட்டில் இது எப்படி? அதோடு என் கார்டின் பின்பக்கம் 78 என்று ஓர் எண் வேறு இருக்கிறது. பேசாமல் ஆட்டோமேட்டிக்கே வாங்கிவிடவா?

பர்மிங்காம் அண்ணா:
தம்பி, முதலில் அந்த 78. ஆட்டோமேட்டிக் மட்டும்தான் ஓட்டலாம் என்று அர்த்தம். ஊரில் எத்தனை வருடம் ஓட்டியிருந்தாலும் இங்கே மேனுவலைப் பொறுத்தவரை நீங்கள் கற்றுக்கொள்பவர்தான். எல் பலகை மாட்டி, பக்கத்தில் மேனுவல் லைசென்ஸோடு மூன்று வருட அனுபவமுள்ள, 21 வயது தாண்டிய ஒருவரை உட்கார வைத்துத்தான் ஓட்ட வேண்டும். தனியாக எடுத்தால் லைசென்ஸில் 3 முதல் 6 புள்ளி ஏறும், இன்சூரன்ஸும் துணைக்கு வராது. நல்ல செய்தி, தியரி மறுபடி எழுத வேண்டாம், ரோடு டெஸ்ட் மட்டும் போதும். வார நாளில் 62 பவுண்டு. தேதி கிடைப்பதுதான் பெரும்பாடு, இன்றே பதிவு செய்துவிடுங்கள்.

நியூ ஜெர்சி மணி:
இதில் இருக்கும் முரண்தான் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். இங்கே அமெரிக்காவில் சாதாரண ஆள் கிளட்சைத் தொட்டே இருக்க மாட்டார், ஆனால் ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவர் மேனுவல் கேட்டு அடம் பிடிப்பார். பிஎம்டபிள்யூவின் பத்துச் சிலிண்டர் எம்5 2005இல் வந்தபோது ஐரோப்பாவில் கிளட்ச் பெடலே இல்லாத எஸ்எம்ஜி என்ற ஏழு கியர் பெட்டி மட்டும்தான். இங்கே ஆட்கள் கேட்டுக் கேட்டு ஆறு கியர் மேனுவலை வரவழைத்தார்கள், அதற்கு அடுத்த எம்5இலும் மேனுவல் வட அமெரிக்காவுக்குத்தான் வந்தது. உங்கள் இங்கிலாந்தில் நேர் எதிர். சின்னக் கார் எல்லாம் மேனுவலாக ஓடும், விலை ஏற ஏற கிளட்ச் காணாமல் போகும். உங்கள் எம்3 விஷயமும் அதுதான். மேனுவலில் வருவது 480 குதிரைத்திறன், 550 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை உள்ள அடிப்படை மாடல். இங்கிலாந்துக்கு அனுப்புவது அதைவிடச் சக்தி கூடிய காம்பெட்டிஷன் மாடல், அது ஆட்டோமேட்டிக்கில் மட்டும்தான்.

மச்சானின் காரைக் கப்பலில் கொண்டுவரும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள், அது இடது பக்க ஸ்டியரிங்.

ஸ்டுட்கார்ட்வாசி:
எம்3 என்றே பிடிவாதம் வேண்டாம், அதன் தம்பி எம்2 பாருங்கள். இங்கிலாந்திலும் மேனுவல் உண்டு. 2023இல் வந்தபோது 100 கிலோமீட்டர் வேகம் தொட மேனுவலுக்கு 4.3 நொடி, ஆட்டோமேட்டிக்குக்கு 4.1. அந்த 0.2 நொடியை நம் உடம்பு கண்டுபிடிக்காது, கையும் காலும் சேர்ந்து கியரைப் போடும் சுகத்தைக் கண்டுபிடிக்கும். போர்ஷேக்காரர்களும் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டார்கள்: 2013இல் 911 ஜிடி3க்கு ஆட்டோமேட்டிக் மட்டும் என்றார்கள், 2016இல் மேனுவலோடு வந்த 911 ஆர் மொத்தம் 991 கார்தான், அதற்கு அடிதடி, 2017இல் ஜிடி3க்கு மேனுவல் திரும்பி வந்தது.

லைசென்ஸ் விஷயத்தில் ஜெர்மனி கொஞ்சம் இரக்கம் காட்டுகிறது. 2021 ஏப்ரலிலிருந்து, ஆட்டோமேட்டிக்கில் டெஸ்ட் எடுத்தவரும் மேனுவலில் 45 நிமிட வகுப்பு பத்து முடித்து, அப்புறம் டிரைவிங் பள்ளி ஆசிரியரோடு 15 நிமிடம் ஓட்டிக் காட்டினால் போதும், அரசு டெஸ்ட் மறுபடி கிடையாது.

யோகோஹாமா:
ஜப்பானிலும் 1991 முதல் ஆட்டோமேட்டிக் மட்டும் என்று தனி லைசென்ஸ் உண்டு. 2020இல் டர்போ இன்ஜினோடு மேனுவலாக மட்டும் வந்த டொயோட்டா ஜிஆர் யாரிஸுக்கு 2024இல் எட்டு கியர் ஆட்டோமேட்டிக்கும் கொடுத்துவிட்டார்கள். அந்த லைசென்ஸ் வைத்திருப்பவரும் அதை ஓட்டலாம் என்பது எனக்குச் சந்தோஷம்தான்.

ஓஎம்ஆர் பயணி:
எதிர்க்கட்சியாக ஒரு வார்த்தை. தினமும் லண்டனைச் சுற்றி ஓடும் எம்25 சாலை நெரிசலில் வேலைக்குப் போகிறவர் என்றால் ஆட்டோமேட்டிக்கே வாங்குங்கள். துரைப்பாக்கத்திலிருந்து சிறுசேரி வரை கிளட்ச் மிதித்து என் இடது முழங்கால் போன வலி எனக்குத் தெரியும்.

லண்டன் கோவைக்காரன்:
வேலைக்கு ரயில்தான், கார் ஞாயிற்றுக்கிழமைக்கு. அதனால் மேனுவல் என்று முடிவு செய்துவிட்டேன், எம்2தான். நேற்று ஒரு வகுப்பு போனேன். கியர் மாற்றுவதில் சிக்கல் இல்லை, இங்கேயும் இடது கைதான். ஆனால் மேட்டில் நின்று கிளம்பும்போது இரண்டு தடவை அணைந்துவிட்டது. ஊரில் ஒரு நாளும் இப்படி ஆனதில்லை.

பர்மிங்காம் அண்ணா:
நாலு வருடம் ஓய்வில் இருந்த இடது கால், பிரேக்கை விடுவது போலக் கிளட்சை டக்கென்று விட்டிருக்கும். குதிகாலைத் தரையில் ஊன்றி, முன்பாதத்தால் மட்டும் மெல்ல விடுங்கள். இன்ஜின் சத்தம் லேசாகக் குறைந்து, போனட் ஓர் இம்மி தூக்கும், அந்த இடத்தில் காலை அப்படியே நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை விட்டு, கார் நகர ஆரம்பித்த பிறகு மீதியை விடுங்கள். காலி கார் நிறுத்துமிடத்தில் ஆக்சிலரேட்டரைத் தொடாமல் கிளட்சால் மட்டும் காரை நகர்த்தி இருபது தடவை பழகினால் கால் தானாக ஞாபகப்படுத்திக்கொள்ளும்.

லண்டன் கோவைக்காரன்:
மூன்று மாதம் கழித்து வருகிறேன். பாஸ்! மூன்று சின்னத் தவறு, அதில் ஒன்றுகூடக் கிளட்சால் இல்லை. அண்ணா சொன்ன குதிகால் விஷயம்தான் காப்பாற்றியது, ரொம்ப நன்றி. சனிக்கிழமை எம்2 ஓட்டிப் பார்த்தேன். கியர் இறக்கும்போது காரே இன்ஜின் வேகத்தை ஏற்றிக்கொடுக்கிறது, விற்பனையாளரிடம் கேட்டு அதை அணைக்கச் சொன்னேன். ஒரு ரவுண்டானாவுக்கு முன்னால் மூன்றிலிருந்து இரண்டுக்கு நானே ஆக்சிலரேட்டரைத் தட்டி இறக்கினேன், உதறாமல் உள்ளே போய் உட்கார்ந்தது. அங்கேயே முன்பணம் கட்டிவிட்டு வந்தேன்.