லேசரில் செல் பிரிக்கும் இயந்திரம்: உங்களுக்கு நடந்தது என்ன?

உப்புவெளி:
அப்பாவுக்கு லுகேமியா. எந்த வகை என்று பார்க்க ஃப்ளோ சைட்டோமெட்ரி, செல்களை ஒவ்வொன்றாக லேசர் முன்னால் ஓடவிட்டுப் பார்க்கும் சோதனை. ஊதா மூடிக் குழாயை ரிஜிபோம் பெட்டியில் ஐஸுக்குள் புதைத்து, இரவு பஸ்ஸில் கொழும்புக்கு நானே கொண்டுபோனேன். திருமலையில் மீனையும் அப்படித்தானே அனுப்புகிறோம். லாபில் அந்தப் பிள்ளை குழாயை வெளிச்சத்தில் பிடித்தாள். மேலே தெளிந்து நின்ற நீர் மஞ்சளாக இல்லை, சிவப்பு. "அக்கா, செல் உடைஞ்சிட்டுது." குழாயில் ஐஸ் படக்கூடாது என்று ரத்தம் எடுத்தவர்கள் ஒருவரும் சொல்லவில்லை. அப்பாவின் கையில் மறுபடி ஊசி. மூன்று வருடமாகியும் அந்தச் சிவப்பு கண்ணுக்குள் நிற்கிறது.

நிலாவெளி:
அக்கா, அது செல்லைப் பார்த்து எண்ணுகிற இயந்திரம், பார்த்த செல் கழிவுக்குப் போய்விடும். இங்கே பேச்சு பிரிப்பதைப் பற்றி. மை தெளிக்கும் பிரிண்டர் நுட்பத்தை வைத்து 1965இல் அமெரிக்க ஆய்வாளர் ஃபுல்வைலர் செய்து காட்டியது அது. செல் கலந்த நீர்த் தாரை துளிகளாக உடையும், வேண்டிய செல் உள்ள துளிக்கு மின்னேற்றம், தகடுகள் அதைப் பக்கத்துக்கு இழுக்கும். என் தாரை மூன்றாம் மணிநேரத்தில் லேசாக வளைந்தது. நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பியபோது துளிகள் குழாயின் விளிம்பில் சிதறிக்கொண்டிருந்தன. ஆறு வாரம் வளர்த்த செல்கள்.

சீனக்குடா:
தம்பி, "பார்ப்பது" என்று தள்ளாதீர்கள். லேசர் பட்டு சாயம் ஒளிர்வதைப் பார்த்துத்தான் உங்கள் இயந்திரமும் பிரிக்கிறது. நான் ஒரு தரம் கடல்நீர் ஓட்டினேன். சாயமே போடவில்லை, நீல லேசரில் பாசி தன் பச்சையத்தாலேயே சிவப்பாக ஒளிர்ந்தது. அவ்வளவுதான் என் கதை.

உங்கள் தாரை வளைந்தது, அது வெளியேறும் முனையில் செல் அடைத்ததால் இருக்கலாம். அந்த அடைப்புக்கு வருகிறேன். செல்லை இயந்திரத்தில் வைக்கும் முன் 40 மைக்ரோன் வலையில் வடியுங்கள், முந்தின நாள் வடித்தது கணக்கில் இல்லை. முனையின் துளை செல்லைப்போல் ஐந்து மடங்காவது இருக்கட்டும். செத்த செல்லிலிருந்து கசியும் டிஎன்ஏதான் பசைபோல் மற்றதையும் ஒட்டவைக்கும், அதற்கு டிஎன்ஏவை வெட்டும் நொதி, டிஎன்ஏஸ், கொஞ்சம் சேருங்கள். அப்போது கரைசலில் ஈடிடிஏ வேண்டாம், டிஎன்ஏஸுக்குத் தேவையான மக்னீசியத்தை அது பிடித்துவைத்துவிடும். செத்த செல்லுக்குள் மட்டும் புகும் சாயம், புரொப்பீடியம் அயோடைடு, போட்டால் செத்தது தனியே தெரியும், அதை விலக்கலாம். அப்புறம், அவசரத்துக்குச் செல்லை அடர்த்தியாக ஏற்றாதீர்கள்.

உப்புவெளி:
தம்பிமார் இரண்டு பேருக்கும் நன்றி. எனக்கு வந்தது எண்ணும் இயந்திரம்தான், சரி. இரண்டாவது குழாயை ஐஸ் இல்லாமல் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போனேன். ஹபரணை தாண்டும்வரை கையை எடுக்கவில்லை.