ஜல்லியைக் கழுவினேன், மீன்கள் போயின: அக்வாபோனிக்ஸ் பாக்டீரியா அனுபவங்கள்

தொட்டிக்காரன்:
வணக்கம். மீன் என்ன வகை, செடி என்ன வகை என்றுதான் எப்போதும் பேசிக்கொள்கிறோம். மீனையும் செடியையும் ஒரே தண்ணீரில் வளர்க்கும் அக்வாபோனிக்ஸில், மீன் கழிவில் வரும் விஷமான அமோனியாவைச் செடிக்கு உரமாக்கி இரண்டுக்கும் நடுவில் உழைக்கிற பாக்டீரியாவின் நினைப்பு, அது செத்த பிறகுதான் வருகிறது. எனக்கு அப்படித்தான் வந்தது.

எட்டு மாதமாக நன்றாக ஓடிக்கொண்டிருந்த அமைப்பு. ஆயிரம் லிட்டர் தொட்டியில் திலாப்பியா, ஜல்லிப் படுக்கையில் கீரையும் தக்காளியும். ஜல்லியின் மேல் பழுப்பாக, வழவழவென்று ஒரு படலம் படிந்திருந்தது. அழுக்கு என்று நினைத்தேன். ஒரு விடுமுறை நாளில் மொத்தத்தையும் அள்ளி, குழாய்த் தண்ணீரில் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். ஜல்லி பளபளத்தது, எனக்கும் பெருமைதான்.

மூன்றாம் நாள் காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. சோதித்துப் பார்த்தால் அமோனியா 4 பிபிஎம் (பத்து லட்சத்தில் நான்கு பங்கு), பிஹெச் (தண்ணீரின் அமில, கார அளவு; 7க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 8. அந்த வழவழப்புதான் பாக்டீரியாவின் வீடு என்பது அப்போதுதான் உறைத்தது. குழாய்த் தண்ணீரின் குளோரின் பாதியைக் கொன்றது, என் பிரஷ் மீதியைக் கொன்றது. மாலைக்குள் பதினோரு மீன்கள் போயின.

தீனியை நிறுத்தினேன். குளோரின் நீக்கிய தண்ணீரால் பாதித் தொட்டியை மாற்றினேன். தண்ணீரை மாற்றினால் மிச்சமிருக்கும் பாக்டீரியாவும் போய்விடுமோ என்று முதலில் பயம். அவை பெரும்பாலும் தண்ணீரில் மிதப்பதில்லை, கல்லிலும் குழாயின் உட்சுவரிலும் ஒட்டித்தான் வாழ்கின்றன. நண்பர் ஒருவர் தன் அமைப்பிலிருந்து இரண்டு வாளி ஜல்லி கொடுத்தார். இரண்டு வாரத்தில் நிலைமை சீரானது. உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

அவசரக்காரன்:
நான் கழுவவில்லை, அவசரப்பட்டேன். மீன் விடும் முன்பே பாக்டீரியாவை வளர்த்துவிடலாம் என்று வெறும் தொட்டியில் அமோனியா ஊற்றத் தொடங்கினேன். 2 பிபிஎம் இருந்தால் போதும். பத்து நாள் எந்த மாற்றமும் இல்லை. பசி போதவில்லை போலும் என்று நானே முடிவு செய்து 8 வரை ஏற்றினேன். அதிக அமோனியா அந்த பாக்டீரியாவையே முடக்கும் என்று யார் கண்டது?

சாதாரண பாக்டீரியாவில் சில இருபது நிமிடத்தில் இரட்டிப்பாகும். நம்முடையவை அரை நாள், ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். அதுவும் இரண்டு கூட்டம்: நைட்ரோசோமோனாஸ் வகையறா அமோனியாவை நைட்ரைட்டாக்கும், நைட்ரோஸ்பைரா வகையறா அதை நைட்ரேட்டாக்கும். முதல் கூட்டம் சமைத்தால்தான் இரண்டாவது கூட்டத்துக்குச் சாப்பாடு. அதனால் நடுவில் நைட்ரைட் மட்டும் எகிறி நிற்கும் ஒரு வாரம் வரும், மனம் தளர வேண்டாம். (2015இல் இரண்டு வேலையையும் தனியாகவே செய்யும் நைட்ரோஸ்பைரா வகையையும் கண்டுபிடித்தார்கள். என் தொட்டிக்கு அது வழி தெரியாமல் போயிருக்கும்.) பாதித் தண்ணீரை இரண்டு முறை மாற்றி, 38ஆம் நாளில்தான் அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாயின.

கீரைப்பிரியர்:
எனக்கு நடந்தது இதைவிட மோசம், ஏனென்றால் நான் திருத்தப் போய்த்தான் கொன்றேன்.

ஒரு வருடம் பிரச்சினையே இல்லை. பிறகு எதையும் மாற்றாமலேயே அமோனியா மெல்ல ஏறியது, 3, 4, 6 என்று. ஆனால் மீன்கள் நன்றாகவே இருந்தன. பிஹெச் பார்த்தால் 5.8. பாக்டீரியா அமோனியாவை மாற்றும்போது அமிலம் உண்டாகிறது. ஒரு கிராம் அமோனியா நைட்ரஜனுக்கு ஏறக்குறைய ஏழு கிராம் சுண்ணாம்புக்கல்லுக்குச் சமமான காரத்தன்மை கரைந்துபோகும். தண்ணீரில் அந்த இருப்பு தீர்ந்ததும் பிஹெச் விழுந்திருக்கிறது. 6.5க்குக் கீழே போனால் பாக்டீரியா மந்தமாகிவிடும். அதாவது, அவை தம் வேலையாலேயே தம்மை முடக்கிக்கொண்டன.

சரி, சுண்ணாம்பு போட்டால் தீர்ந்தது என்று ஒரே மூச்சில் 8க்கு ஏற்றினேன். பொறி அங்கேதான் இருந்தது. குறைந்த பிஹெச்சில் அமோனியா பெரும்பாலும் அம்மோனியம் என்ற வேறு வடிவில் இருக்கும், அது மீனை அவ்வளவு படுத்தாது. 25 டிகிரி வெப்பத்தில் பிஹெச் 7 என்றால் நூறில் அரைப் பங்குதான் விஷமான அமோனியா, 8 என்றால் ஐந்து பங்கு. தொட்டியில் இருந்த ஆறு பிபிஎம்முக்கு நானே பல் முளைக்க வைத்தேன். ஒரே இரவில் முக்கால்வாசி மீன்கள் போயின. முதலில் தண்ணீரை மாற்றி அமோனியாவைக் குறைத்துவிட்டு, பிறகு பிஹெச்சை நாளுக்குக் கொஞ்சமாக ஏற்றியிருக்க வேண்டும். இப்போது வாரம் ஒரு முறை கால்சியம் ஹைட்ராக்சைடும் பொட்டாசியம் கார்பனேட்டும் மாற்றி மாற்றிச் சிட்டிகை சிட்டிகையாகச் சேர்க்கிறேன். அந்தக் கால்சியமும் பொட்டாசியமும் செடிக்கும் போய்ச் சேர்கின்றன.

உப்புமூட்டை:
நைட்ரைட் எகிறும் அந்த வாரத்தில் மீன் விட்டிருந்தவர்களுக்கு: செவுள் பழுப்பாகத் தெரிந்தால் இரத்தத்தால் ஆக்சிஜனைச் சுமக்க முடியவில்லை என்று அர்த்தம். லிட்டருக்கு ஒரு கிராம் சாதாரண உப்பு போட்டேன், குளோரைடு நைட்ரைட்டைச் செவுளுக்குள் புகவிடாமல் தடுக்கும். மீன்கள் பிழைத்தன. ஸ்ட்ராபெர்ரி செடிகள் பிழைக்கவில்லை, அவற்றுக்கு உப்பு ஆகாது.

பம்ப்காரர்:
எனக்கு மின்வெட்டு. ஒரு கிராம் அமோனியா நைட்ரஜனை மாற்ற பாக்டீரியாவுக்கு நாலரை கிராமுக்கு மேல் ஆக்சிஜன் வேண்டும். எட்டு மணி நேரம் பம்ப் நின்றது. நிரம்பி வடியும் ஜல்லிப் படுக்கை, வடிந்த நிலையில் நின்றதால் காற்றுப் பட்டு ஈரமாகவே தப்பித்தது. மூடிய ஃபில்டருக்குள் தேங்கிய தண்ணீரோ கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. மின்சாரம் வந்ததும் யோசிக்காமல் ஸ்விட்சைப் போட்டேன், அத்தனையும் நேரே மீன் தொட்டிக்குள் போனது. இப்போதெல்லாம் ஃபில்டரில் தேங்கியதை வெளியே கொட்டிய பிறகுதான் ஓடவிடுகிறேன்.

அவசரக்காரன்:
கடையில் விற்கும் பாட்டில் பாக்டீரியா யாருக்காவது வேலை செய்ததா? நான் ஊற்றிய இரண்டு பாட்டிலும் தண்ணீரைக் கலக்கியதோடு சரி.

கீரைப்பிரியர்:
ஒரு முறை வேலை செய்தது, ஒரு முறை இல்லை. வெயிலில் கிடந்த பாட்டிலை நம்பாதீர்கள். லேபிளையும் படியுங்கள். சிலவற்றில் இருப்பது கழிவை மட்கவைக்கும் வேறு பாக்டீரியா. அதுவும் நல்லதுதான், ஆனால் அமோனியாவுக்கு அது ஆள் இல்லை.

தொட்டிக்காரன்:
பாட்டிலைவிட ஓடும் அமைப்பின் ஜல்லியைத்தான் நான் நம்புவேன். இப்போது ஒரு வலைப்பையில் கொஞ்சம் ஜல்லி கட்டித் தொட்டிக்குள்ளேயே தொங்கவிட்டிருக்கிறேன், காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோனுக்குப் பக்கத்தில். புதிதாகத் தொடங்குபவர்கள் கேட்டால் எடுத்துக் கொடுக்கிறேன். வாங்குபவர் தொட்டித் தண்ணீரில் நனைத்து ஈரமாகவே கொண்டு போக வேண்டும், வெயில் படக் கூடாது. அப்புறம், வீட்டுக்குப் போனதும் கழுவிவிடாதீர்கள். போன மாதம் ஒருவர் கழுவிவிட்டார்.