“பிரேக் எந்தக் கால்ல?” – ஸ்கி பிரேக்குக்கு ஒரு தமிழ்ச்சொல்

கோலாலம்பூர், திங்கள்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

ஒரு சொல்லைத் தப்பாகப் போட்டுவிட்டு, அதைத் திருத்த உங்களிடம் வந்திருக்கிறேன்.

ஜனவரியில் ஜப்பானின் ஹொக்கைடோவுக்குப் பனிச்சறுக்கப் போகிற ஒரு கூட்டத்துக்குப் பாதுகாப்புக் குறிப்புகள் இரண்டு பக்கம் தமிழில் எழுதிக் கொடுத்தேன். அதில் ஸ்கி பிரேக் வருகிற இடத்தில் ‘பனிச்சறுக்கு நிறுத்தி’ என்று போட்டு, புரியட்டுமே என்று பக்கத்தில் ‘பிரேக்’ என்றும் சேர்த்தேன். போன ஞாயிறு பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைமாடியில் விளக்கக் கூட்டம். பசியாறிவிட்டு வந்த உற்சாகத்தில் நானே சத்தமாக வாசித்தேன். முடித்ததும் முன்வரிசையில் இருந்த ஓர் அக்கா, அறுபதை ஒட்டிய வயது, கையைத் தூக்கினார்.

“தம்பி, பிரேக் எந்தக் கால்ல?”

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காததைப் பார்த்த பிறகுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அங்கே இருந்த பாதிப் பேருக்கு அதே எண்ணம்தான்: காலில் மாட்டுகிற ஸ்கியில் பிரேக் இருக்கிறது, வேகம் கூடினால் மிதிக்கலாம். இந்த நம்பிக்கையோடு ஒருவர் சரிவின் உச்சியில் நின்றால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அதை எழுதிக் கொடுத்தவன் நான்.

ஸ்கியை இந்த மடலில் ‘மட்டை’ என்றே எழுதுகிறேன். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. பாக்குமட்டையில் ஒருவனை உட்கார வைத்து, ஓலைப்பக்கத்தைப் பிடித்து இன்னொருவன் இழுத்துக்கொண்டு ஓடுவானே, அந்த மட்டைதான். மலாய்ப் பிள்ளைகள் தாரிக் உப்பே என்பார்கள். பாக்கின் பெயரையே ஊருக்கு வைத்திருக்கும் பினாங்குக்காரர்கள் இதற்கு ஆட்சேபம் சொல்ல மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

பாக்குமட்டையிலிருந்து ஆள் விழுந்தால் மட்டை இரண்டடி போய் நின்றுவிடும். பனிமட்டை நிற்காது. அடிப்பக்கம் மெழுகு தேய்த்து வழவழவென்று இருக்கும். ஓரத்தில் எஃகு விளிம்பு. சரிவில் வேகமெடுக்க அதற்கு ஆள் பாரம் தேவையே இல்லை. ஆள் விழுந்த இடத்தில் கிடப்பார், மட்டை மட்டும் கீழே நிற்பவர்களைப் பார்த்து ஈட்டி மாதிரி போகும்.

முன்காலத்தில் இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. பூட்ஸை மட்டையோடு இறுக்கிக் கட்டிவிடுவார்கள். விழுந்தால் மட்டை எங்கும் போகாது, கால்தான் முறியும். நார்வேயில் பிறந்து அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் வாழ்ந்த யால்மர் வாம் என்ற சறுக்கு வீரர் 1937இல் அப்படிக் கால் முறிந்து கிடந்தார். விழும்போது தானாகக் கழன்றுகொள்ளும் பைண்டிங்குக்கு, அதாவது பூட்ஸை மட்டையில் மாட்டுகிற பிடிக்கு, 1939இல் காப்புரிமை வாங்கியவர் அவர்தான். அந்த வகை பைண்டிங் பரவப் பரவக் கால் பிழைத்தது, மட்டை ஓட ஆரம்பித்தது.

அதற்கு முதலில் செய்த வைத்தியம் வார். மட்டையைக் கணுக்காலோடு ஒரு வாரால் கட்டிவிடுவது. மட்டை ஓடாது, சரி. ஆனால் உருண்டு விழுகிறவரைச் சுற்றி மட்டையும் சுழன்று சுழன்று அடிக்கும். பனிச்சரிவில் மாட்டிக்கொண்டாலோ, காலில் கட்டிய மட்டையே ஆளை உள்ளே இழுத்துக்கொண்டு போகும். 1970களில் சுருள்வில் வைத்த பிரேக் வந்து பரவியதும் வார் மெல்ல ஒதுங்கிவிட்டது.

கூட்டத்தில் ஒருவர் பழைய மட்டை ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். குதிகால் மாட்டுகிற இடத்தில் ஒரு மிதி. அதன் இரண்டு பக்கமும் பென்சில் பருமனில் ஒவ்வொரு கம்பி, நுனியில் பிளாஸ்டிக் நகம். உள்ளங்கையால் மிதியை அழுத்தினேன். இரண்டு கம்பிகளும் மேலே எழும்பி மட்டையின் ஓரத்தோடு ஒட்டிக்கொண்டன, வெட்டுக்கிளி காலை மடக்குவது மாதிரி. கையை எடுத்தேன். டக்கென்று இறங்கி மேசைவிரிப்பைக் குத்தின. எடுக்கத் தாமதித்த கட்டைவிரலில் இன்னும் கறுப்பு இருக்கிறது.

ஆக, பூட்ஸ் மாட்டியிருக்கும்வரை இந்தச் சாமான் மடங்கித் தூங்குகிறது. ஆள் விழுந்து, பூட்ஸ் கழன்ற பிறகுதான் அதற்கு வேலை. அது நிறுத்துவது ஆளை அல்ல, ஆளில்லாத மட்டையை. இதைச் சொல்லாத சொல் எதுவும் எனக்கு வேண்டாம்.

நான் கழித்துக்கட்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். ‘பனிச்சறுக்குத் தடை’ – மீன்பிடித் தடை மாதிரி, அரசாங்கம் சறுக்குவதற்கே தடை போட்டதாகப் படிக்கும். ‘தடுக்கி’ – இலக்கணப்படி குற்றமில்லை, விசிறி, பெருக்கி வரிசையில் நிற்கும். ஆனால் நாம் தடுக்கி விழுகிறவர்கள் ஆயிற்றே! விழ வைக்கிற கருவி என்று அந்த அக்கா கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அமெரிக்கச் சறுக்குத்தளங்களின் பொறுப்பு விதிகளில், தானாக ஓடும் சாமான்களைத் தடுக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. அந்தச் சாமானை முதலில் ‘ஓடிப்போகும் மட்டை’ என்று எழுதினேன். என் மனைவி படித்துவிட்டு, “யாரோட?” என்று கேட்டாள். அதோடு அதை அடித்துவிட்டேன்.

இப்போது என் கையில் இருப்பது ‘தறி’. பிரேக் பிடிக்காத லாரியைத் ‘தறிகெட்டு ஓடியது’ என்றுதான் பத்திரிகையில் எழுதுகிறோம். கட்டிவைத்த தறியை, அதாவது நட்ட கம்பத்தை, விட்டு ஓடியது என்பதுதான் அதன் மூலம். ஓடுகிற மட்டை தறிகெட்ட மட்டை. அதைப் பிடித்து நிறுத்துவது ‘பனித்தறி’. எப்படி?

பட்டர்வொர்த், திங்கள் இரவு

தம்பிக்கு வணக்கம்.

தறிகெட்ட மட்டை அருமை. அதை யாரும் தொட வேண்டாம். பனித்தறிதான் நிற்காது. கைத்தறி, விசைத்தறி என்று பழகிய காதுக்குப் பனித்தறி என்றால் பனியில் வேட்டி நெய்வது போலத்தான் கேட்கும். முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவன் சொல்கிறேன், முதல் பெஞ்சிலேயே ஒருவன் கேட்டுவிடுவான்.

நம்மிடம் ஏற்கெனவே இருப்பதை ஏன் விட வேண்டும்? தேர்ச்சக்கரத்துக்கு அடியில் போடுகிறோமே, முட்டுக்கட்டை. பள்ளத்தைப் பார்த்து ஓடுகிற பெரும் பாரத்தை ஒரு சின்ன மரத்துண்டு நிறுத்துகிறது. அது பிடிக்காவிட்டால் தொண்டுக்கட்டை இருக்கிறது. அடங்காத மாட்டின் கழுத்தில் தொங்கவிடுவது; ஓடினால் காலில் இடிக்கும், மாடு தானே நின்றுவிடும். இரண்டும் ஓடுவதை நிறுத்தப் பிறந்த சொற்கள். புதிதாக ஒன்றைப் பெற்று, பெயர் வைத்து, வளர்ப்பதைவிடச் சொந்தத்தில் எடுப்பது நல்லது என்பது என் கட்சி.

வாருக்குத் தனிச்சொல் கேட்பீர்கள். ‘பிடிவார்’ போதும்.

பாயான் லெப்பாஸ், செவ்வாய்

அண்ணா, ஐயா, இருவருக்கும் வணக்கம்.

மன்னிக்கணும் ஐயா, முட்டுக்கட்டை இன்றைக்குத் தேரைவிட்டு இறங்கி வெகுகாலம் ஆகிவிட்டது. யாராவது நல்ல காரியத்தைக் கெடுத்தால்தான் ‘முட்டுக்கட்டை போட்டார்’ என்கிறோம். உயிரைக் காப்பாற்றுகிற சாமானுக்கு அந்தப் பெயர் வேண்டாமே. தொண்டுக்கட்டையில் வேறு சிக்கல். அது மாடு நடக்கும்போதெல்லாம் காலில் இடிக்கும். அண்ணா சொன்ன கம்பி, ஆள் சறுக்கும்போது எதையும் தொடக் கூடாது. தொட்டால் அதுவே ஆளைக் கவிழ்த்துவிடும். அதனால்தான் அகலத்தில் அவ்வளவு கணக்குப் பார்க்கிறார்கள். மட்டையின் இடுப்பு, அதாவது நடுவில் குறுகிய இடத்தின் அகலம், 88 மில்லிமீட்டர் என்றால் பிரேக் அதற்குக் குறையக் கூடாது, குறைந்தால் கம்பி மட்டையைத் தாண்டி இறங்காது. அதைவிட 15 மில்லிமீட்டருக்கு மேல் கூடவும் கூடாது, கூடினால் மட்டை சாயும்போது வெளியே நீட்டிக்கொண்டு பனியில் உரசும்.

தொழிற்சாலையில் தர ஆவணங்களோடு குப்பை கொட்டுகிறவள் என்பதால் இன்னொன்று. சர்வதேசத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ. இதற்கு வைத்திருக்கும் தரம் 11087. அதன் தலைப்பில் பிரேக் என்ற சொல்லே கிடையாது. ‘ரிட்டென்ஷன் டிவைஸ்’ என்றுதான் இருக்கிறது. ஓடவிடாமல் வைத்துக்கொள்வது என்ற பொருளில். ஜெர்மன்காரர்களும் ‘ஸ்கிஸ்டாப்பர்’ என்கிறார்கள், பிரெஞ்சில் ‘ஸ்டாப் ஸ்கி’. பிரேக்கை விட்டு விலகியவர்கள் நாம் மட்டும் இல்லை. நீங்கள் போகிற ஜப்பானில் பனிப்பலகையின் (ஸ்னோபோர்டின்) வாருக்கு ‘நகரேதொமே’ என்று பெயர். ஆற்றோடு அடித்துப் போகாமல் நிறுத்துவது என்கிற மாதிரி. எனக்கு அது ரொம்பப் பிடித்திருக்கிறது.

என் யோசனை ‘முளை’. எங்கள் லயத்துக்குப் பின்னால் ஆயா ஆடு கட்டுவார். புதுப் புல் இருக்கிற இடமாகப் பார்த்து முளைக்குச்சியை மண்ணில் அடித்துவிட்டுப் போய்விடுவார். ஆடு அந்த வட்டத்தைத் தாண்டாது. அண்ணா, உங்கள் கம்பி செய்வதும் அதுதானே? பனியில் முளை அடிக்கிறது. அதோடு, பூட்ஸ் போனதும் இரண்டு பக்கமும் முளைக்கிறது! ஒரே சொல்லில் இரண்டும் வருகிறது. தனியாக ‘முளை’ என்று விட்டால் விதை முளைக்கும் என்பதால் முன்னால் ஏதாவது சேர்க்க வேண்டும். தடைமுளை? ஊன்றுமுளை?

கோலாலம்பூர், புதன்

தங்கைக்கும் ஐயாவுக்கும் நன்றி. தறியைக் கைவிட்டேன். ஐயா சொன்ன வேட்டி மண்டைக்குள் புகுந்துவிட்டது, இனி எடுக்க முடியாது.

தடைமுளையையே எடுத்துக்கொள்கிறேன். ஊன்றுமுளை காதுக்கு அதைவிட இனிமைதான். ஆனால் ஊன்றுவது என்றதும் கையில் பிடிக்கிற கோல் நினைவுக்கு வருகிறது, சறுக்குகிறவர் கையில் ஏற்கெனவே இரண்டு கோல்கள் இருக்கின்றன. தடை தனியாக நின்றபோதுதான் அரசாங்க உத்தரவு மாதிரி இருந்தது. முளையோடு சேர்ந்ததும் சாமானாகிவிட்டது. ‘பிடிவார்’ அப்படியே குறிப்பில் ஏறிவிட்டது. பனிப்பலகைக்காரர்களுக்கு அது இன்னும் வேண்டும், அவர்களுடைய பூட்ஸ் விழுந்தாலும் கழலாது. இரண்டுக்கும் பொதுவான சொல்லை, தங்கை சொன்ன தரத்தில் இருப்பதை, இப்போதைக்கு விட்டுவிடுகிறேன். என் குறிப்பில் அது வரவில்லை, தேவையில்லாமல் ஒன்றைப் பெற்றுப் போட்டால் ஐயா கோபிப்பார்.

இடையில் ஒருவர் தனிமடலில், புதுப்பனி ஆழமாகக் கிடந்தால் இந்தக் கம்பிகளால் பயனில்லையே, மட்டை உள்ளே புதைந்து காணாமல் போய்விடுமே என்று கேட்டிருந்தார். உண்மைதான். அப்படிப்பட்ட இடத்துக்குப் போகிறவர்கள் பளிச்சென்ற நிறத்தில் நீள நாடாவை மட்டையில் கட்டிக் காற்சட்டைக்குள் சுருட்டி வைத்துக்கொள்கிறார்கள். மட்டை கழன்றால் நாடா வெளியே உருவிக்கொண்டு வரும், அதைப் பிடித்துத் தேடலாம். ‘தேடுநாடா’ என்று எழுதினேன். இதற்கு விவாதம் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

குறிப்பில் இப்போது இப்படி இருக்கிறது:

“விழுந்தால் பூட்ஸ் மட்டையிலிருந்து கழன்றுகொள்ளும். கழன்றதும் மட்டையின் இரண்டு பக்கமும் தடைமுளைகள் தானாக இறங்கிப் பனியில் குத்தி, மட்டை தறிகெட்டு ஓடாமல் நிறுத்தும். நீங்கள் சறுக்கிக்கொண்டு போகும்போது தடைமுளை வேலை செய்யாது. அதை மிதித்து வேகத்தைக் குறைக்க முடியாது. மட்டைகளைத் தூக்கிப் போகும்போது அடிப்பக்கங்களை ஒன்றோடு ஒன்று சேர்த்தால் தடைமுளைகள் கோத்துக்கொள்ளும், பிரியாது.”

நேற்று மாலை அந்த அக்காவுக்குப் போன் செய்து இதைப் படித்துக் காட்டினேன். அவர் கேட்டால்தான் எனக்கு நிம்மதி. முளை என்றதும் அவர் நிறுத்தச் சொல்லவில்லை, எந்த விளக்கமும் கேட்கவில்லை.

“ஆட்டுக்கு அடிக்கிறது மாதிரியா? சரி, அப்போ மட்டை ஓடாது. புரியுது தம்பி,” என்றார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், “அப்போ நான் எப்படி நிக்கிறது?”

அதற்குப் பயிற்சியாளர் முதல் மணி நேரத்திலேயே சொல்லிக் கொடுப்பார். மட்டைகளின் மூக்குகளை நெருக்கி, வால்களை அகட்டி, உள்விளிம்பால் பனியை அரைத்துக்கொண்டு இறங்குவது. ஸ்னோபிளவ் என்பார்கள். குறிப்பில் அதற்குப் ‘பனிக்கலப்பை’ என்று எழுதியிருந்தேன். அக்காவிடம் அந்த வரியைப் படிக்க வாயெடுத்து, அவர் மாட்டைப் பற்றிக் கேட்பார் என்று தோன்றியதும் நிறுத்திவிட்டேன்.

குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. யாரிடமாவது ஒரு சொல் இருந்தால் வியாழன் இரவுக்குள் அனுப்புங்கள்.