புதுப்பிப்பு: அப்பாவின் கண் ஊசி, மருந்து மாற்றிய பிறகு

சர்க்கரையால் அப்பாவின் விழித்திரை நடுவில் நீர் கோத்து, பஸ் போர்டு கூடப் படிக்க முடியவில்லை, பெவாசிசுமாப் ஊசி போட்டும் வீக்கம் வற்றவில்லை, புது மருந்துக்கு மாறலாமா என்று இங்கே கேட்டிருந்தேன். "புதுசுன்னா சோதனை எலியா?" என்றார்கள் சிலர்.

அப்படி இல்லை. சேலத்து டாக்டர் போட்ட ஃபாரிசிமாப் 2022லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பழைய ஊசிகள் ரத்தக்குழாயைக் கசியவைக்கும் விஇஜிஎஃப் என்ற புரதத்தைத்தான் அடக்கும். இது ரத்தக்குழாயைப் பலவீனமாக்கும் ஆங்கியோபாய்டின்-2 என்ற இன்னொரு புரதத்தையும் சேர்த்து அடக்கும். யோசமிட்டி, ரைன் சோதனைகளில் இதை, 8 வாரத்துக்கொருமுறை போடும் அஃப்ளிபெர்செப்ட் என்ற பழைய ஊசியோடு ஒப்பிட்டார்கள். பார்வை முன்னேற்றம் ஏறக்குறைய சமம். லாபம் இடைவெளியில்தான்: தேவைக்கேற்ப தள்ளிப்போட்டவர்களில் பாதிப்பேருக்கு மேல் ஓராண்டில் 16 வாரத்துக்கு ஒன்று என்ற நிலைக்கு வந்தார்கள்.

ஏற்காட்டுக்காரருக்கு இது பெரிய விஷயம். "20 கொண்டை ஊசி எறங்கி வந்தா கண்ணுல இன்னொரு ஊசியா" என்பார் அப்பா. மரத்துப்போக சொட்டு, எரியும் பீட்டாடின், இமையைப் பிடிக்கும் கிளிப், வெள்ளை விழியில் ஒரு குத்து. குத்து தெரியாதாம், பீட்டாடின்தான் கொடுமையாம்.

ஸ்கேனில் வீக்கம் குறைந்திருக்கிறது, பேப்பரில் தலைப்பு படிக்கிறார். பொடி எழுத்து இன்னும் இல்லை. விலை பெவாசிசுமாப்பைவிடப் பல மடங்கு, அதனால் பெவாசிசுமாப்பிலேயே குணம் தெரிகிற கண்ணுக்கு மாற்றவே வேண்டாம். ஊசிக்குப் பிறகு வலி, சிவப்பு, மங்கல் கூடினால் அன்றே ஓடுங்கள். அடுத்த ஸ்கேன் பார்த்துத்தான் இடைவெளியைக் கூட்டுவாராம் டாக்டர்.