ஸ்விஃப்ட்ட ரெண்டு விரல் எறக்கணும், கைல 15,000 தான் இருக்கு

பொள்ளாச்சி_பையன்
எல்லாருக்கும் வணக்கம்ங்ணா. 2010 ஸ்விஃப்ட் பெட்ரோல், செகண்ட்ஸ்ல எடுத்து எட்டு மாசம் ஆச்சு. டயருக்கும் அதுக்கு மேல வளைஞ்சிருக்கற பாடி ஃபெண்டருக்கும் நடுவுல நாலு விரல் தாராளமா போகுது, பாக்கவே மனசு கேக்கல. உயரத்த திருகி மாத்திக்கற காயில்ஓவர் ஸ்பிரிங்-ஷாக் செட் எல்லாம் என் பட்ஜெட்டுக்கு ஆகாது. பட்டறைல ஸ்பிரிங்ல ஒன்றரை சுத்து வெட்டிட்டா 2,000ல முடிஞ்சுரும்ங்கறாங்க, இன்னொருத்தர் கேஸ் வெச்சு சூடு காட்டினா தானா உக்காந்துரும்ங்கறார். எது பண்ணலாம்? டெய்லி ஆபீஸ் போற வண்டி, ஞாயித்துக்கிழமை அப்பா அம்மாவும் வருவாங்க.

பழைய_ஸ்பேனர்
தம்பி ரெண்டும் வேண்டாம். சூடு காட்டினா ஸ்பிரிங்கோட டெம்பரே, அதாவது இரும்போட உறுதியே, போயிரும், அப்புறம் ஒரு பக்கம் தொங்கும், ஒடையவும் செய்யும். வெட்டறதுல என்னன்னா, ஆறு சுத்துல ஒன்றரை போனா மிச்சம் நாலரை, ஸ்பிரிங் மூணுல ஒரு பங்கு கூடுதலா இறுகிரும், துள்ளல அடக்கற பழைய ஷாக் அப்சார்பரால அத அடக்க முடியாது, வண்டி துள்ளிக்கிட்டே போகும். 2014ல நான் பின்னாடி வெட்டினேன். ஒருநாள் பஞ்சர்னு ஜாக்கி போட்டு தூக்கறேன், ஸ்பிரிங் சீட்ட விட்டு நழுவி சாஞ்சு நிக்குது, கைய வெச்சா லொடலொடன்னு ஆடுது. வீட்ல எல்லாரையும் ஏத்திட்டு இப்படியா ஓட்டிருக்கோம்னு அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல.

30 மில்லிமீட்டர் எறங்கற ரெடிமேட் லோயரிங் ஸ்பிரிங் செட் தேடு. அதுக்கும் முன்னாடி ஷாக்கப் பாரு, ஆயில் கசியுதா, மூலைல அமுக்கி விட்டா ஒரே தடவைல நிக்குதா.

கோவை_165
டயர் மாத்தினா செலவு கம்மி ப்ரோ. இப்ப இருக்கற 165/80 ஆர்14 சைஸ் டயர எடுத்துட்டு உயரம் கம்மியான 185/65 போட்டா 12 மில்லி எறங்கும்.

பழைய_ஸ்பேனர்
எறங்கும், ஆனா டயர் சின்னதாகறதால ஃபெண்டர் கேப் இன்னும் 12 மில்லி பெருசாகும், தம்பி கேக்கறதே அந்த கேப்பத்தானே. ஸ்பீடோமீட்டரும் 4 சதவீதம் கூட காட்டும்.

அலைன்மென்ட்_செல்வி
கம்பெனி கிரவுண்ட் கிளியரன்ஸ் 170 மில்லி, 30 போனா 140. முறைப்படி போட்ட ஸ்பீடு பிரேக்கர் 10 சென்டிமீட்டர் உயரம்தான், ஆனா நம்ம ஊர்ல அந்த அளவுல யார் போடறாங்க, நாலு பேர் உக்காந்தா அடி தட்டும், அதனால 30க்கு மேல போகாதீங்க தம்பி.

ஒண்ணு மட்டும் பட்டறைல நின்னு பாத்துக்கோங்க. சக்கரத்த கீழ புடிச்சிருக்கற லோயர் ஆர்மோட ரப்பர் புஷ் போல்ட்ட வண்டி ஜாக்கில தொங்கறப்பவே டைட் பண்ணிருவாங்க, அப்படி பண்ணா கீழ எறக்கினதும் ரப்பர் முறுக்கிக்கிட்டு சீக்கிரமே கிழியும். சக்கரம் தரைல உக்காந்தப்புறம்தான் கடைசி டைட். அப்புறம் அலைன்மென்ட் கட்டாயம், டோ, அதாவது சக்கரம் உள்ள வெளிய திரும்பி நிக்கற கோணம், மாறினது தெரியாம ஓட்டினா டயர் உள்பக்கம் மொட்டையாயிரும்.

சட்டத்தையும் யோசிங்க. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு இருக்கு, 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் கம்பெனி ஸ்பெசிஃபிகேஷன மாத்தக்கூடாதுன்னு சொல்லிருச்சு. இன்சூரன்ஸ் கிளெய்ம்லயும் சிக்கல் வரலாம்.

பொள்ளாச்சி_பையன்
ரொம்ப நன்றிங்க்கா, நன்றிங்ணா. இப்பத்தான் டார்ச் அடிச்சு பாத்தேன், முன்னாடி இடது ஷாக் முழுக்க ஆயில் வழிஞ்சு மண்ணு அப்பியிருக்கு, அமுக்கி விட்டா மூணு தடவ ஆடுது. இந்த மாசம் 15,000த்துல முன்னாடி ரெண்டு ஷாக்கும் அத மேல பாடியோட புடிக்கற டாப் மவுன்ட்டும் மாத்திடறேன். ஸ்பிரிங்க வெட்டல, எறக்கறத அப்புறம் பாத்துக்கலாம்.